எழுபத்தைந்து டிகிரி

என் இடது கிட்னி என் தம்பி பூமிநாதனுக்காகப் பதினோரு மாதம் வேலை செய்தது. அதற்கு முன்னால் மூன்று வருடம் அவன் வாரம் இரண்டு நாள் பரளச்சியில் பஸ் ஏறி மதுரைக்குப் போய், டயாலிசிஸ் மெஷினோடு நாலு மணி நேரம் படுத்துவிட்டு வருவான். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோடாக இறக்குவான். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலைப் பார்த்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று தெரியும். பருத்திக் காட்டில் நின்றுகொண்டு அவன் அந்தப் பாட்டிலைத் திறந்து உதட்டை மட்டும் நனைத்துவிட்டு மூடியதை ஒருநாள் பார்த்தேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

நான் முத்துப்பேச்சி. திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் நான் சாப்பிட்டுப் பார்க்கிறேன். முட்டையைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்காமல் அடுப்பில் ஏற்ற விடமாட்டேன். வாய் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்த வாய்க்குப் பயந்தாவது சமையல்காரம்மா கையைக் கழுவுகிறார் என்றால் அது இருந்துவிட்டுப் போகட்டும். கிட்னி கொடுக்கப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் ஆதார் கார்டைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஆனி மாதம் ஆபரேஷன் நடந்தது. தம்பியின் உடம்பு என் கிட்னியை அந்நியமாகத்தான் பார்க்கும், விட்டால் சண்டை போட்டு அழித்துவிடும் என்றார் டாக்டர். அது சண்டை போடாமல் இருக்கத்தான் அத்தனை மாத்திரை. ஆனால் அந்த மாத்திரை போடுகிறவனுக்கு வேறு கிருமி வந்தாலும் உடம்பு சண்டைக்குப் போகாது. நமக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போகிற கிருமி அவனை ஐசியூவில் படுக்கப் போட்டுவிடும். இதைக் கேட்டுக்கொண்டு என்னால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? தம்பி வீட்டில் குடிதண்ணீர் காய்ச்சினார்களா என்று திருச்சுழியிலிருந்து தினமும் மூன்று தடவை போன் போட்டேன். கல்யாண வீட்டு மோர், பஸ் ஸ்டாண்டு வடை, வெட்டி வைத்த வெள்ளரிக்காய் எல்லாவற்றுக்கும் தடா போட்டேன். தம்பி பெண்டாட்டி முருகலட்சுமி பொறுமைசாலி. "சரி மதினி, சரி மதினி" என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் சங்கையா மாமாவின் நேர்ச்சை வந்து நின்றது. அவர் எங்கள் அம்மாவின் ஒரே தம்பி. பூமிநாதன் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினால் கண்மாய்க்கரைக் கருப்புக்குக் கிடா வெட்டுவதாக அவர் நேர்ந்திருந்தார். சித்திரை கடைசி வெள்ளி என்று நாள் குறித்துவிட்டார். கிடா வெட்டுவதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. என் பயமெல்லாம் சுவரொட்டி மேல்தான். ஆட்டின் மண்ணீரலை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எங்கள் வகையறாவில் யாருக்காக நேர்ச்சையோ அவருக்கு அந்தக் கிடாயின் சுவரொட்டியைத் தாய்மாமன் தீயில் வாட்டித் தன் கையால் ஊட்ட வேண்டும். வாட்டுவது என்றால் மேல்தோல் சுருங்கும் வரைக்கும்தான். உள்ளே சிவப்பு இருக்க வேண்டும். அதுதான் ரத்தம் ஊறும், முழுக்க வெந்தால் சத்து போய்விடும் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. வயசுக்கு வந்தபோது எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு யோசனை சொல்கிற கிருஷ்ணப்ரியாவுக்குப் போன் போட்டேன். சின்னப் பெண், ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிற ரகமில்லை. கோயிலுக்குப் போகட்டும், ஆனால் பொதுக் கறியில் கை வைக்க வேண்டாம் என்றது. வெயிலில் மணிக்கணக்காகக் கிடந்த கறி, ஒரே கத்தி, ஒரே சட்டி, யார் யாரோ கை. அதற்குப் பதிலாக அவனுக்கு மட்டும் தனியாகக் கரியடுப்பில் சுட்டுக் கொடுங்கள், எண்ணெயும் உப்பும் குறையும் என்று சொல்லி வரிசையாக அடுக்கியது. அடுப்பில் வைக்கும் வரை கறி ஐஸ் பெட்டியில் இருக்க வேண்டும். பச்சைக் கறிக்கு வேறு கத்தி, வெந்ததற்கு வேறு கத்தி. பச்சைக் கறி இருந்த தட்டில் வெந்ததை வைக்கக் கூடாது. கரி நெருப்பு சாம்பல் பூத்து அடங்கிய பிறகுதான் கறியை வைக்க வேண்டும், சுவாலையில் வைத்தால் வெளியே கருகும், உள்ளே வேகாது. கருகியதை வெட்டி எறிந்துவிட வேண்டும். கடைசியாக, ஊசி மீட்டர் ஒன்று வாங்குங்கள், கறியின் நடுவில் குத்தினால் எழுபத்தைந்து டிகிரி காட்ட வேண்டும் என்றது.

"சுவரொட்டிக்கு?" என்று கேட்டேன்.

"வேண்டாம்னே சொல்லிடுங்கம்மா. கொடுத்தே ஆகணும்னா அதுக்கும் எழுபத்தஞ்சுதான்."

மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சரித்தா, நீ சொல்ற மாதிரியே வேக வச்சுக் குடுத்துருவோம். எனக்கு மட்டும் அவன்மேல அக்கறை இல்லையா" என்றார். அப்படியே நம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் அருப்புக்கோட்டையில் வாங்கிய நாலுகால் அடுப்பு, கம்பி வலை, ஐஸ் பெட்டி, இரண்டு கத்தி, இரண்டு இடுக்கி, ஊசி மீட்டர், சோப்பு, காய்ச்சிய தண்ணீர் எல்லாவற்றையும் வேனிலிருந்து இறக்கியபோது சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். சுற்றி எந்தக் காட்டைப் பார்த்தாலும் கருவேலங்கரி மூட்டம் போடுகிற ஊர் அது. அங்கே இருந்து லோடு லோடாகக் கரி எங்கெங்கோ போகிறது. அந்த ஊருக்கு நான் கரியடுப்பு கொண்டுவந்து கறி சுடக் கற்றுக்கொடுக்கிறேனாம். "பார்பிக்யூக்காரம்மா வந்தாச்சு, எந்திரிங்க" என்று ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார். நானும் சிரித்தேன். அன்று காலையில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தம்பி வெள்ளைச் சட்டையில் கரைமேல் நடந்து வந்ததைப் பார்த்தபோது, என் சதை ஒன்று அவனுக்குள் உட்கார்ந்து அவனை நடத்திக்கொண்டு வருகிறது என்று நினைத்து மனசு பூரித்தது.

வீரசோழன் சந்தையில் பிடித்த கறுப்புக் கிடா. எட்டு மணிக்கெல்லாம் வெட்டியாயிற்று. சூடு ஆறுவதற்குள் தொடைக்கறியில் அரைக்கிலோ வாங்கிக் கழுவி, தயிரும் பூண்டும் மிளகும் தடவி ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். சுவரொட்டியையும் கேட்டேன். மாமா பனையோலையில் சுற்றிக் கருவேல மரக்கிளையில் கட்டிவிட்டார். "சாமிக்குள்ளதப் போயி ஐஸ் பொட்டியில வைக்கச் சொல்றியேத்தா" என்றார். படையல் முடிய எப்படியும் பன்னிரண்டு ஆகும். நாலு மணி நேரம் அந்த வெயிலில் தொங்கப் போகிறது. பல்லைக் கடித்துக்கொண்டேன். எழுபத்தைந்து ஏறிவிட்டால் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படையல் ஆகி எல்லாரும் பந்தியில் உட்காரும்போது என் கரி நெருப்பு சாம்பல் பூத்திருந்தது. சின்னச் சின்னத் துண்டாக வைத்தேன். கொழுப்பு சொட்டிப் புகைந்தால் துண்டை ஓரத்துக்குத் தள்ளினேன். திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு துண்டிலும் ஊசியைக் குத்திப் பார்த்தேன். அறுபத்தொன்று. அறுபத்தெட்டு. எழுபத்தாறு.

"ஏத்தா பேச்சி, செத்த ஆட்டுக்குக் காய்ச்சல் பாக்குறியாக்கும்" என்று மாமா சொன்னதும் பந்தியே சிரித்தது. என் தம்பியும் சிரித்தான். கருகியதை நறுக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தட்டில் வைத்து அவனிடம் கொடுத்தேன். ஒரு துண்டு தின்றான். "நல்லாத்தான்க்கா இருக்கு" என்றான். இரண்டாவது துண்டை மெல்ல மெல்ல மென்றான். கண் மட்டும் பக்கத்து இலையில் இருந்தது. பக்கத்து இலையில் கறிக்குழம்பு வழிந்துகொண்டிருந்தது. எலும்பும் நெஞ்சுக்கறியும், மேலே மிதக்கிற எண்ணெயும். நாலு வருடமாக அவன் அந்தக் குழம்பைத் தொடவில்லை.

பரிமாறிக்கொண்டு வந்தவர் தெரியாமல் அவன் இலையிலும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டார். அவன் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோய்விட்டான். நான் எட்டி அவன் கையைத் தட்டிவிட்டேன். சோறு அவன் சட்டையில் விழுந்தது. இலையை மடித்து எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் செய்கிற மாதிரியே செய்துவிட்டேன். அவனுக்கு முப்பத்தாறு வயது, எதிரே அவன் பெண்டாட்டியும் மச்சான்மாரும் உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவன் எழுந்துவிட்டான். முகம் கறுத்துப்போயிற்று. "கிட்னியத்தானக்கா குடுத்த? என்னையவா வெலைக்கு வாங்கிட்ட?" என்றான். குரல் உயரவில்லை. எல்லாருக்கும் கேட்டது. "சோறு திங்கக்கூட ஒன்னையக் கேக்கணும்னா அந்த மெஷினுலயே கெடந்து செத்துருப்பேன்."

முருகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் அவள் முகத்தில் வருத்தம் இல்லை. ஒரு ஆறுதல் இருந்தது. இதை யாராவது சொல்ல மாட்டார்களா என்று பத்து மாதமாகக் காத்திருந்திருக்கிறாள். எனக்கு இடது விலாவுக்குக் கீழே தையல் போட்ட இடம் உண்மையாகவே வலித்தது. இவனுக்காக வயிற்றைக் கிழித்துக்கொண்டு படுத்தவளுக்கு இவன் வைக்கிற பெயர் இது. அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அணைந்துகொண்டிருந்த கனலில் ஒரு கை புதுக்கரியை அள்ளிப் போட்டேன். சடசடவென்று தீ எழுந்தது.

நிலைமையைச் சரிசெய்ய வேண்டும் என்று மாமாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "சரி சரி, அக்கா தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும். மாமன் கடமை இன்னும் முடியல" என்று சொல்லிக்கொண்டு மரக்கிளையிலிருந்து ஓலையை அவிழ்த்தார். நேராக என் அடுப்புக்கே வந்தார். "ஒன் அடுப்புலயே சுடுறேன்த்தா, போதுமா?" என்று கேட்டார். அவர் கேட்டது அன்பாகத்தான். நான் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டேன்.

சுவரொட்டியைக் கம்பியில் குத்திச் சுவாலைமேல் பிடித்தார். இரண்டு பக்கமும் திருப்பினார். மேல்தோல் சீறிச் சுருங்கிக் கறுத்தது. மொத்தமே இரண்டு நிமிஷம் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது நன்றாக வெந்த மாதிரிதான் தெரியும். வாழையிலைமேல் வைத்துக் கத்தியால் குறுக்கே அறுத்தார். நான் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நகக்கனம் கறுப்பு. அதற்குள்ளே பச்சை ரத்தச் சிவப்பு, ஈரமாகப் பளபளத்தது. இலையில் சிவப்பாக ஒரு சொட்டு இறங்கியது.

ஊசி மீட்டர் என் கையில் இருந்தது. குத்திப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. "மாமா, இன்னும் கொஞ்சம்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அவர் மறுத்திருக்க மாட்டார். இன்னொரு பத்து நிமிஷம் தீயில் கிடந்திருக்கும், எல்லாரும் இன்னொரு தடவை சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான்.

நான் சொல்லவில்லை. மறந்துபோய் இல்லை. தெரியாமலும் இல்லை. சொல்லக் கூடாது என்று தீர்மானமாக நினைத்துச் சொல்லாமல் இருந்தேன். விலைக்கு வாங்கினவளா நான்? தின்னட்டும். தின்றுவிட்டு நாலு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கட்டும், அப்போது அக்கா அருமை தெரியும். அதற்குமேல் ஒன்றும் வராது என்றுதான் நினைத்தேன். இல்லை, அதுவும் பொய். அதற்குமேல் என்ன வரும் என்று டாக்டர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார்.

மாமா முதல் துண்டை எடுத்துக்கொண்டு தம்பி முன்னால் போய் நின்றார். "கருப்பு காப்பாத்துவான், வாயத் தெற" என்றார். தம்பி உடனே வாயைத் திறக்கவில்லை. அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தான். நான் குனிந்து, துடைக்கத் தேவையே இல்லாத ஊசியைத் துணியால் துடைத்தேன். நிமிர்ந்தபோது அவன் மென்றுகொண்டிருந்தான். மாமா இரண்டாவது துண்டை ஊட்டினார். பெண்கள் குலவை போட்டார்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் மதுரையில் ஐசியூ. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது, வேகாத கறி எதுவும் சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டார். அப்புறம் முருகலட்சுமியையும் என்னையும் உட்கார வைத்துச் சொன்னார். உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மாத்திரைகளை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் உடம்புக்குப் பழைய பலம் வரும், கிருமியோடு சண்டை போடும். அது அத்தோடு நிற்காது, கிட்னியையும் தேடிப் போகும். முருகலட்சுமி கையெழுத்துப் போட்டாள். பதினெட்டு நாளில் கிருமி போயிற்று. இருபத்து மூன்றாம் நாள் சிறுநீர் நின்றது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருநாள் முருகலட்சுமி என்னிடம் கேட்டாள். "மதினி, சுவரொட்டி அறுக்கும்போது நீங்க பக்கத்துலதான இருந்தீக? உள்ள செவப்பா இருந்துச்சா?"

"புகையா இருந்துச்சு. கண்ணு தெரியல" என்றேன்.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஊரில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நேர்ச்சைக் கறியில் இரும்பு ஊசியைக் குத்தி அளந்தது சாமிக்கு ஆகவில்லை என்று மாமாவே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். என் முகத்துக்கு நேராகச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. ஊசி குத்தியதால்தான் என்று அவர் அழுகிறார். குத்தாமல் விட்டதால்தான் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அவர் தூக்கில் தொங்கிவிடுவார் என்று ஒரு சாக்கு வைத்திருக்கிறேன். சாக்குதான் அது. சொன்னால் நான் என்ன ஆவேன் என்பதுதான் உள்ளே இருக்கிறது.

கொடுப்பதற்கு இனி என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதை எடுக்க மாட்டார்கள். முருகலட்சுமிக்குச் சர்க்கரை. மாமாவுக்கு வயது அறுபத்தெட்டு. இறந்தவர்களின் கிட்னிக்காக அவன் பெயரை வரிசையில் பதிந்திருக்கிறோம். வைத்த கிட்னி ஒரு தடவை போனவனுக்கு இரண்டாவது கிட்னி சேருவது கஷ்டம், எதிர்பார்ப்பு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று டாக்டர் நிதானமாகச் சொல்லிவிட்டார்.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். போன சனிக்கிழமை நான் கூடப் போனேன். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி இளைத்துப் போயிருந்தான், கை மட்டும் ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்தது. வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தவன் என் பக்கம் திரும்பினான்.

"அன்னைக்கு ஏதோ ஒரு ஆங்காரத்துல பேசிட்டேன்க்கா. மனசுல வச்சுக்கிறாத."

"அதெல்லாம் எதுக்குடா இப்ப" என்றேன்.

"இல்லக்கா. அன்னைக்கு மாமா வாயில வைக்கயில எனக்குப் பயம். உன்னையத்தான் பாத்தேன். நீ ஒண்ணும் சொல்லல. ஒரு வாய்ச் சோத்தையே தட்டிவிட்டவ, வேகலைன்னா சும்மாவா இருப்ப? அதான் நம்பித் தின்னேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "வெந்துதானக்கா இருந்துச்சு?" என்று கேட்டான்.

என் கையை அவன் பிடித்திருந்தான்.

"வெந்துதான்டா இருந்துச்சு" என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். ரொம்ப நாளாகப் புரியாதது புரிந்துவிட்ட மாதிரி அவன் முகம் தெளிந்தது. "அப்ப சாமி குத்தந்தான். நானும் அதான் நெனச்சேன். வார சித்திரைக்கு இன்னொரு கிடா வெட்டுறதா நேந்துருக்கேன்க்கா. இந்தத் தடவ ஊசியெல்லாம் வேணாம். மாமா கையாலயே வாட்டித் தரட்டும்."

"சரிடா" என்றேன்.